நிறுவனத் தலைவர்களிடம் எதைக் கற்பது, எதை விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நிறுவனங்களை நடத்தியவர்களும் புதிதாகத் தொழில் தொடங்கி வென்றவர்களும் சொல்லும் அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் எதை நம் வேலைக்கு எடுத்துக்கொள்வது என்பதில்தான் திணறல். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர்களும், முதன்முறையாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றவர்களும், சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் சொல்ல நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்தப் பாடத்துக்காக அவர் பணத்தையோ பெயரையோ பதவியையோ பணயம் வைத்தாரா? வைத்திருந்தால் உட்கார்ந்து படிப்பேன். மேடையில் சொன்னதோடு சரி என்றால் கடந்துபோவேன்.

வென்றவர்கள்தான் பேசுகிறார்கள், தோற்றவர்களைக் காணவே முடிவதில்லை. அப்படியிருக்க, இந்தக் கதைகளை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். அதனால்தான் வென்றவரே தோற்ற இடத்தைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் கடைகளைக் கட்டி எழுப்பிய ரான் ஜான்சன் 2011 நவம்பரில் ஜேசி பென்னி என்ற பழைய அமெரிக்கப் பல்பொருள் அங்காடித் தொடருக்குத் தலைவரானார். வந்ததும் தள்ளுபடிக் கூப்பன்களை ஒழித்து, ஆண்டு முழுவதும் ஒரே சீரான விலை என்று அறிவித்தார். சில கடைகளில் சோதித்துப் பார்க்காமலேயே மாற்றம் எல்லாக் கடைகளுக்கும் போனது. 2012இல் விற்பனை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவி இழந்தார்.

திறமை அதே திறமைதான், மனிதரும் அதே மனிதர்தான். ஆப்பிள் கடைக்கு வந்தவர்கள் பொருளைத் தேடி வந்தவர்கள். ஜேசி பென்னிக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் தள்ளுபடியைத் தேடி வந்தவர்கள். ஒருவருடைய பாடத்தை இரவல் வாங்கும்போது, அது எந்தச் சூழலில் விளைந்தது என்பதையும் சேர்த்து வாங்க வேண்டும். சூழல் வேறாக இருந்தால், முதலில் சிறிதாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் பெரிதாக இறங்க வேண்டும்.

என் குழுவில் எல்லோரும் "எல்லாம் சரியாகப் போகிறது" என்கிறார்கள். கடைசி நேரத்தில்தான் சிக்கல் வெடிக்கிறது. என்ன செய்வது?

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் கற்க வேண்டியவற்றில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

ஆலன் முலாலி 2006இல் போயிங் நிறுவனத்திலிருந்து ஃபோர்டுக்குத் தலைவராக வந்தார். அந்த ஆண்டு ஃபோர்டின் நட்டம் 1,270 கோடி டாலர். வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொரு உயர் அதிகாரியும் தன் பொறுப்பிலுள்ள வேலைகளுக்கு நிறம் கொடுத்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். சரியாகப் போனால் பச்சை, கவலைக்குரியது என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. வாரக்கணக்கில் எல்லா அட்டவணைகளும் பச்சையாகவே வந்தன. இவ்வளவு பெரிய நட்டத்தில் நிற்கும் நிறுவனத்தில் ஒரு சிக்கல்கூட இல்லையா என்று முலாலி கேட்டார்.

பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பு காட்டினார். எட்ஜ் என்ற புதிய வாகனத்தின் பின்கதவில் ஏதோ கோளாறு. அதனால் அறிமுகத்தை நிறுத்தி வைத்திருந்தார். அவருடைய வேலை போகப்போகிறது என்று அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். அடுத்து அவர் கேட்டது, இதற்கு யார் உதவ முடியும் என்பதுதான். உடனே மற்ற துறைகளிலிருந்து ஆட்கள் கைகொடுத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அட்டவணைகளில் மஞ்சளும் சிவப்பும் தாமாகவே வந்து நிறைந்தன. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014இல் முலாலிக்குப் பிறகு ஃபோர்டின் தலைவரானார்.

கெட்ட செய்தியை முதலில் கொண்டுவருபவருக்கு என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "எதையும் என்னிடம் தயங்காமல் சொல்லலாம்" என்று நூறு முறை அறிவித்தாலும், முதல் சிவப்பைக் கண்டதும் உங்கள் முகம் சுருங்கினால் அந்த அறிவிப்பு செத்துவிடும்.

இதையே வேறு வழியில் செய்தவர் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்துக்கு 1987இல் தலைமையேற்ற பால் ஓ'நீல். முதலீட்டாளர்களை முதன்முதலாகச் சந்தித்தபோது லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். எந்த ஆலையில் யாருக்குக் காயம் பட்டாலும் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் வர வேண்டும், அது மீண்டும் நேராமலிருக்க என்ன திட்டம் என்பதும் கூடவே வர வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். ஆலையின் கடைக்கோடியில் நடந்தது ஒரே நாளில் தலைவர் மேசைக்கு வர வேண்டுமானால், இடையிலுள்ள அத்தனை படிகளும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். காயத்துக்காகத் திறந்த அந்த வழியில் மற்ற செய்திகளும் யோசனைகளும் ஏறி வரத் தொடங்கின. அவர் காலத்தில் அல்கோவாவின் விபத்துகளும் குறைந்தன, லாபமும் பல மடங்கு பெருகியது. ஆலையில் நேர்ந்த ஒரு சம்பவத்தை மேலே தெரிவிக்காத மூத்த அதிகாரி ஒருவரை, அவருடைய வணிகச் சாதனைகளையும் மீறிப் பணிநீக்கம் செய்தார். அந்தச் செயலுக்குப் பிறகு விதியின் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேலாளரின் முடிவு தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்வதா, வாய்மூடி இருப்பதா?

சொல்ல வேண்டும். முடிவாவதற்கு முன்பே சொல்ல வேண்டும். 2011இல் நெட்ஃபிளிக்ஸ் தன் டிவிடி வாடகைச் சேவையைப் பிரித்து க்விக்ஸ்டர் என்ற தனிப் பெயரில் நடத்தப்போவதாக அறிவித்தது. கட்டண உயர்வால் ஏற்கெனவே கொதித்திருந்த வாடிக்கையாளர்கள் இன்னும் கொதித்தார்கள். மூன்றே வாரங்களில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் மட்டும் 8 லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். நிறுவனர் ரீட் ஹேஸ்டிங்ஸ் பிறகு விசாரித்தபோதுதான், மேலதிகாரிகள் பலருக்கு அந்தத் திட்டத்தில் ஐயம் இருந்தது தெரிந்தது. அவருடைய முந்தைய வெற்றிகளை எண்ணி, இதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று அடங்கிப்போயிருந்தார்கள். அதன்பின் பெரிய முடிவு எதுவானாலும் எதிர்க் கருத்தைத் தேடிச் சேகரிப்பது அங்கே கட்டாயமானது. யோசனையை எழுதிச் சுற்றுக்கு விட்டு, கழித்தல் 10 முதல் கூட்டல் 10 வரை மதிப்பெண்ணும் அதற்கான காரணமும் எழுதச் சொல்வார்கள்.

மேலாளர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உங்கள் வெற்றி வளர வளர, உங்களுக்கு உண்மை சொல்பவர்கள் குறைவார்கள். ஆகவே கருத்தைக் கேட்டால் மட்டும் போதாது, எதிர்க் கருத்தை எழுத்தில் வாங்கும் வழியையும் நீங்களே அமைக்க வேண்டும்.

சொன்னபிறகும் முடிவு மாறவில்லை என்றால் என்ன செய்வது? அமேசானின் ஜெஃப் பெசோஸ் 2016ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஒரு தொடரைத் தயாரிக்கலாம் என்று அவருடைய குழு சொன்னது. அவருக்கு உடன்பாடில்லை. ஆனாலும், எனக்கு மாற்றுக் கருத்துதான், இருந்தும் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன் என்று உடனே எழுதி அனுப்பினார். இங்கே விட்டுக்கொடுத்தவர் தலைவர் என்பதைப் பார்க்க வேண்டும். பல அலுவலகங்களில் இந்த வாசகத்தைக் கீழே இருப்பவரை அடக்கப் பயன்படுத்துகிறார்கள். அது முறையல்ல. மேலே இருப்பவரும் சில முறையாவது தோற்றுக் காட்டினால்தான் அந்த வாசகத்துக்கு மதிப்பு. நேர்மை, சட்டம், ஆட்களின் பாதுகாப்பு ஆகியவற்றில் உடன்பாடில்லாத முடிவுக்கு ஒத்துழைக்க யாரும் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முடிவெடுக்க எனக்கு நெடுநேரம் ஆகிறது. வேகம் முக்கியமா, ஆராய்ச்சி முக்கியமா?

முடிவைப் பொறுத்தது. திரும்பி வர முடிகிற முடிவு, திரும்ப முடியாத முடிவு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன பெசோஸே 2015ஆம் ஆண்டுக் கடிதத்தில் இப்படிப் பிரிக்கிறார். பெரும்பாலான முடிவுகளை, வேண்டிய தகவலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கிடைத்தபோதே எடுத்துவிடலாம் என்பதும் அவர் அடுத்த ஆண்டு எழுதியது. நம்மில் பெரும்பாலானோர் கூட்டத்துக்குமேல் கூட்டம் போட்டு ஆராய்வது திரும்பி வர முடிகிற முடிவுகளைத்தான்.

மிகப் பெரிய முடிவுகளில் தடையாக நிற்பது தகவல் குறைவு அல்ல, பற்று. இன்டெல் 1968இல் தொடங்கியது நினைவகச் சில்லுகளைச் செய்வதற்காக. 1980களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் அதே சில்லுகளைத் தரமாகவும் மலிவாகவும் செய்து சந்தையைப் பிடித்தன. எண்கள் எல்லாம் மேசையில் இருந்தன. இருந்தும் முடிவெடுக்க மனம் வரவில்லை. 1985இல் இன்டெல் நிர்வாகி ஆண்டி குரோவ், அதன் தலைவர் கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார். நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத் தொழிலைக் கைவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே கதவுக்கு வெளியே போய், திரும்பி உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்று கேட்டார் குரோவ். 1986இல் இன்டெல் 17 கோடி டாலருக்குமேல் நட்டம் கண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். நுண்செயலிகளில் கவனத்தைக் குவித்து நிறுவனம் பிழைத்தது. இந்தக் கேள்வியை வேலையில் சலிப்புற்றவர்களிடமும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்: உங்கள் நாற்காலியில் இன்று புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்த வேலையை முதலில் நிறுத்துவார்?

ஒரே நிறுவனத்தில் நீண்ட நாள் இருந்தால் தேங்கிவிடுவேனா?

இடத்தால் தேக்கம் வருவதில்லை. மேரி பாரா 1980இல் 18 வயதில் ஜெனரல் மோட்டார்ஸில் படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலையில் நுழைந்து, கார்களின் வெளித்தகடுகளைச் சரிபார்த்தார். 2014இல் அதே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். சத்யா நாதெள்ளா 1992இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து 22 ஆண்டுகள் கழித்துத் தலைமைக்கு வந்தார். கடனில் சிக்கிய நகல் இயந்திர நிறுவனமான ஸெராக்ஸை மீட்ட ஆன் மல்கேகி 1976இல் அங்கே விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்தவர்.

இவர்களுடைய பாதையில் நான் கவனிப்பது பக்கவாட்டு நகர்வுகளை. பாரா மின்பொறியியல் படித்தவர், ஆலை நடத்தியவர். இடையில் மனிதவளத் துறைக்கும் தலைமை தாங்கினார். மல்கேகியும் விற்பனையிலிருந்து மனிதவளத் துறைக்குப் போய் வந்தவர்தான். ஓரங்கட்டுகிறார்கள் என்று பலர் மறுக்கும் பதவி அது. ஆனால் நிறுவனத்தின் எல்லா மூலைகளிலும் யார் என்ன செய்கிறார்கள், எவரை நம்பலாம் என்று அங்கிருந்துதான் தெரியும். அடுத்த பதவிக்கான ஏணியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. ஓராண்டில் புதிதாக எதையும் கற்கவில்லை என்றால் துறையை மாற்றக் கேளுங்கள். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் நிறுவனத்தை மாற்றுங்கள்.

எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மரியாதை குறையுமே?

மல்கேகி 2001இல் தலைமைச் செயல் அதிகாரியானபோது ஸெராக்ஸின் கடன் ஏறத்தாழ 1,700 கோடி டாலர். நிதித்துறையில் அவருக்குப் பயிற்சி கிடையாது. தன்னைவிடப் பல படிகள் கீழே இருந்த ஒரு நிதித்துறை ஊழியரை அழைத்து, நிதிநிலை அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொண்டார். திவால் அறிவிக்கச் சொன்ன ஆலோசனையை மறுத்தார். செலவுகளை எல்லாம் வெட்டியபோதும் ஆராய்ச்சியில் கைவைக்கவில்லை. தெரியாததைக் கேட்டதால் அவருடைய மரியாதை குறைந்ததாக எங்கும் படித்ததில்லை. தெரியாமலே தலையசைத்துக் கூட்டத்தை நடத்தியிருந்தால்தான் நிலைமை மோசமாகியிருக்கும்.

கேத்தரின் கிரஹாமின் வாழ்க்கை இதைவிடக் கடினமானது. 1963இல் கணவர் தற்கொலை செய்துகொண்டபின், நிர்வாக அனுபவம் ஏதுமின்றி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். ஆண்கள் நிறைந்த கூட்டங்களில் பேசவே தயங்கியவர். 1971 ஜூனில் வியட்நாம் போர் குறித்த அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களை வெளியிடுவதா என்ற கேள்வி அவரிடம் வந்தது. நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த அதே வாரம் அது. வழக்கறிஞர்கள் தயங்கினார்கள், ஆசிரியர் குழு வெளியிட வேண்டும் என்றது. வெளியிடுங்கள் என்றார் கிரஹாம். தன்னம்பிக்கை வந்தபிறகு துணிவோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

சம்பள உயர்வை நானாகக் கேட்கலாமா? உழைப்பைப் பார்த்துத் தாமாகவே தருவார்களா?

கேளுங்கள். 2014 அக்டோபரில் கணினித் துறைப் பெண்களின் மாநாடு ஒன்றில் இதே கேள்விக்கு, கேட்பதைவிட அமைப்பு தரும் என்று நம்பியிருப்பதே நல்லது என்னும் பொருளில் நாதெள்ளா பதில் சொன்னார். கண்டனம் எழுந்தது. தன் பதில் முற்றிலும் தவறு, உயர்வுக்குத் தகுதியுண்டு என்று நினைத்தால் கேளுங்கள் என்று அன்றைக்கே ஊழியர்களுக்கு எழுதினார். தலைமைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர், சாக்கு எதுவும் சொல்லாமல் பின்வாங்கினார். கேட்கும்போது ஆண்டு முழுவதும் நீங்கள் முடித்த வேலைகளையும் அவற்றின் பலனையும் எழுதி எடுத்துப்போங்கள்.

அதிகாலை எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, ஆண்டுக்கு இத்தனை புத்தகம் படிப்பது போன்ற பழக்கங்கள்?

பிடித்தால் செய்யுங்கள். எந்த நிறுவனமும் அதனால் பிழைத்ததில்லை.

நன்றாக வேலை செய்ததால் என்னைக் குழுத் தலைவராக்கினார்கள். இப்போதும் எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். எப்படி விடுவது?

ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சொய்சிரோ ஹோண்டா இயந்திரப் பித்தர். பணத்தையும் விற்பனையையும் 1949இல் வந்து சேர்ந்த தகேயோ ஃபுஜிசாவாவிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, பட்டறையில் தன் கையாலேயே வேலை செய்தார். அதாவது தனக்கு வராததைப் பிறரிடம் விடுவதில் அவருக்குச் சிக்கலே இல்லை. தனக்கு மிக நன்றாக வந்ததை விடுவதில்தான் இடறினார். 1960களின் இறுதியில் கார் இயந்திரத்தைக் காற்றால் குளிர்விப்பதா, நீரால் குளிர்விப்பதா என்று சர்ச்சை எழுந்தது. ஹோண்டா காற்று என்று பிடிவாதமாக நின்றார். புகைக் கட்டுப்பாட்டு விதிகளைச் சமாளிக்க நீரே வேண்டும் என்றார்கள் இளம் பொறியாளர்கள். அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். அவர் ஹோண்டாவிடம் ஒரே கேள்வி கேட்டார்: நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்க விரும்புகிறீர்களா, பொறியாளராகவா? தலைவராகத்தான் என்று ஹோண்டா பதில் சொன்னார். நீரால் குளிரும் இயந்திரத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த வழியில் போய்த்தான் ஹோண்டா நிறுவனம், அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளுக்கு உட்பட்ட சிவிசிசி என்ற கார் இயந்திரத்தை 1972இல் வெளியிட்டது.

உங்கள் குழுவில் உங்களைவிட வேகம் குறைந்தவர் ஒருவர் அந்த வேலையை வேறு விதமாகச் செய்வார். உங்களுக்குக் கை துறுதுறுக்கும். முடிவு சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வழியை அவரிடம் விடுங்கள்.

ஆட்குறைப்பைத் தவிர்க்க முடியாதா? தவிர்க்க முடியாதபோது எப்படிச் செய்வது?

சில நேரம் தவிர்க்க முடியும். வீடியோ விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் விற்பனை சரிந்தபோது அதன் தலைவர் சதோரு இவாத்தா, ஆட்குறைப்பு ஊழியர்களின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்று மறுத்து, 2014இல் தன் சம்பளத்தை ஐந்து மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கையிருப்புப் பணம் தாராளமாக இருந்த நிறுவனம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 மே மாதம் பெருந்தொற்றால் பயணங்கள் நின்றபோது பயணிகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கிக்கு அந்த வசதி இல்லை. ஏறத்தாழ 1,900 பேரை, அதாவது நான்கில் ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. காரணத்தையும் கணக்கையும் விளக்கி எல்லோருக்கும் எழுதினார். அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைந்தது 14 வாரச் சம்பளம் கொடுத்தார், மடிக்கணினிகளை அவர்களிடமே விட்டார், வேலை தேடித் தருவதற்குத் தன் ஆட்சேர்ப்புக் குழுவின் ஒரு பகுதியை ஒதுக்கினார். போகிறவர்களை நடத்தும் விதத்தை இருக்கிறவர்கள் மறக்கமாட்டார்கள்.

என் தொழில் ஓடவில்லை. எப்போது நிறுத்துவது?

ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்டு கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை உருவாக்கி 2012இல் மூடினார். அதை விரும்பி விளையாடியவர்கள் இருந்தார்கள். நிறுவனம் தாங்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். கையில் பணம் மிச்சமிருக்கும்போதே நிறுத்தியதால் விளையாடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும், ஊழியர்களுக்கு வேறு வேலை தேடித் தரவும் முடிந்தது. மிச்சமிருந்த சிறு குழு, விளையாட்டைக் கட்டும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்த கருவியைச் செப்பனிட்டு ஸ்லாக் என்று வெளியிட்டது. பின்னர் அதை சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் ஏறத்தாழ 2,770 கோடி டாலருக்கு வாங்கியது.

தோல்விக்குப் பின் இப்படியொரு புதையல் கிடைக்கும் என்று யாருக்கும் உறுதி தர முடியாது. ஆனால் கடைசிக் காசு வரை இழுத்தவர்களுக்கு, கூட இருந்தவர்களை மரியாதையாக அனுப்பும் வாய்ப்புகூட இல்லாமல் போகிறது. ஆகவே எந்த அளவுக்குக் கையிருப்பு இறங்கினால் நிறுத்துவது என்பதை, தொழில் நன்றாக ஓடும்போதே கூட்டாளிகளோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் தீரும் தருவாயில் அந்தப் பேச்சைத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும்.

பதவியை விடும் நேரம் எது?

ஹோண்டாவும் ஃபுஜிசாவாவும் 1973இல், நிறுவனத்தின் 25ஆம் ஆண்டில், ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். அப்போது ஹோண்டாவுக்கு வயது 66. பொறுப்பேற்ற கியோஷி கவாஷிமாவுக்கு 45. ஸெராக்ஸில் மல்கேகி 2009இல் விலகியபோது அர்சுலா பர்ன்ஸ் வந்தார். 1980இல் அங்கே பயிற்சி ஊழியராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர் அவர். 2007 முதலே நிறுவனத்தில் மல்கேகிக்கு அடுத்த இடத்தில் இருந்தார். இரண்டிலும் அடுத்தவர் வெகு முன்பே வளர்க்கப்பட்டிருந்தார். சிறு குழுவை நடத்துபவருக்கும் இது பொருந்தும். ஒரு மாதம் விடுப்பில் போனால் உங்கள் இடத்தில் யார் முடிவெடுப்பார் என்ற கேள்விக்கு ஒரு பெயர் வரவில்லை என்றால், பதவி உயர்வு கேட்பதற்கு முன் அந்தப் பெயரைத் தயார் செய்யும் வேலையைத் தொடங்குங்கள்.